ஒரே விலையும் உண்மைச் சொல்லும்

புது மோட்டார் வண்டி வாங்கப் போகிறவன், விற்பவன் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வந்தால், உலகம் அவனை ஏமாளி என்று சிரிக்கும். அதே மனிதன் அரை நாள் வாதாடிச் சொற்பத் தொகையைக் குறைத்துக்கொண்டு வந்தால், சாமர்த்தியசாலி என்று மெச்சும். இவ்விரண்டும் லாப நஷ்டத்தைப் பற்றிய தீர்ப்புகள். பேரத்தில் இருவரும் பேசும் பேச்சு சத்தியமா, அசத்தியமா என்பதும், ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு விலை வாங்குவது தர்மமா என்பதும் வேறு கேள்விகள். அவற்றைக் குறித்துப் பல சமயங்களின் பெரியோர்கள் ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார்கள்.

சட்டையும் சர்க்கரையும் குறித்த விலைக்கே விற்கப்படும் அமெரிக்க தேசத்தில், புது மோட்டார் வண்டி மட்டும் பேரத்துக்குரிய பண்டமாகவே நிலைத்துவிட்டது. விற்பனையாளர் ஒரு தொகையைச் சொல்வதும், வந்தவர் தயங்குவதும், மேலாளரைக் கேட்டு வருவதாகச் சொல்லி விற்பனையாளர் எழுந்து உள்ளே போவதும், பழைய வண்டிக்குக் கழிக்கும் தொகையையும் மாதத் தவணையையும் புது வண்டியின் விலையையும் ஒரே தாளில் கலந்து எழுதி, எதில் குறைந்தது, எதில் கூடியது என்பது விளங்காதபடி செய்வதும் அங்கே நெடுநாளைய சம்பிரதாயங்கள். 1958-இல் செனட்டர் மைக் மன்ரோனியின் முயற்சியால் பிறந்த சட்டம், உற்பத்தியாளர் சிபாரிசு செய்யும் விலையைப் புது வண்டியின் கண்ணாடியிலேயே ஒட்டிவைக்க வேண்டும் என்று விதித்தது. ஆயினும் அது சிபாரிசு விலையே அன்றி, விற்பவர் மனத்திலுள்ள கடைசி விலையன்று. அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பேரம் உயிர் வாழ்கிறது.

வயதும் அறிவும் வந்த இருவர் மனமொப்பிச் செய்யும் விவகாரத்தில் என்ன தோஷம் என்று கேட்கலாம். விலை விஷயத்தில் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பது இயல்பே என்று ரோமானியச் சட்ட அறிஞர்களும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ ஞானி தாமஸ் அக்குவினாஸ்கூட, நியாய விலையை இம்மி பிசகாமல் நிர்ணயிக்க முடியாது என்றும், சற்றே ஏறினாலும் இறங்கினாலும் நியாயம் கெட்டுவிடாது என்றும் இடம் கொடுத்தவரே. எனினும் அவர் ஓர் எல்லை வகுத்தார்: பொருளைப் பிரிவதால் விற்பவனுக்கு விசேஷ நஷ்டம் ஏதும் இல்லாதபோது, வாங்குபவனுக்கு அது மிகவும் வேண்டியிருக்கிறது என்பதையே காரணமாக்கி விலையை உயர்த்தலாகாது, ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவனுடையது, தனக்குச் சொந்தமல்லாததை விற்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது.

மோட்டார்க் கடைப் பேரத்தில் பெரும்பாலும் விலையாவது இந்தச் சொந்தமல்லாத சரக்குத்தான். வந்தவரின் அவசரத்தையும் அறியாமையையும் கூச்சத்தையும் ஊகித்து, அந்த ஊகத்துக்கு ஏற்ப விலை ஏறுகிறது. சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே முறையில் பேரம் பேசப் பயிற்சி பெற்றவர்கள் சிகாகோ வட்டாரத்து விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளை ஆண்களிடம் சொன்ன விலையைக் காட்டிலும், பெண்களிடமும் கறுப்பு இனத்தவரிடமும் கூடுதலான விலை சொல்லப்பட்டது. சாமர்த்தியம் சமமாக இருந்தும் விலை சமமாக இல்லையென்றால், பேரத்தின் லாபம் சாமர்த்தியத்துக்குரிய வெகுமதி என்ற வாதம் எப்படி நிற்கும்?

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள் ஆளுக்கொரு விலை தர்மமா என்ற கேள்விக்குத் தங்கள் கடைகளிலேயே விடை கண்டார்கள். தாங்கள் ஏற்கத் துணிந்த தொகைக்கு மேல் கேட்பது பொய் என்று கருதி, அவர்கள் எல்லாருக்கும் ஒரே விலை சொன்னார்கள். ஆரம்பத்தில் ஜனங்கள் விலகிப்போனார்கள். சிறு குழந்தையை அனுப்பினாலும் பெரியவர்களுக்குரிய விலைக்கே பொருள் கிடைக்கும் என்று கண்டபின், அந்தக் கடைகளையே தேடி வந்தார்கள். வாங்குபவனுக்கும் தர்மம் உண்டு. கொள்ளும் எண்ணம் இல்லாமல் விலை கேட்டு வியாபாரியை அலைக்கழிப்பது குற்றம் என்று யூதர்களின் மிஷ்னா விதிக்கிறது; சரக்கைப் பழித்து வாங்கிவிட்டுப் பின்னால் பெருமை பேசுகிறவனை விவிலியத்தின் நீதிமொழிகள் சுட்டிக்காட்டுகிறது.

குவேக்கர்களின் வழியை மோட்டார் வியாபாரத்தில் பெரிய அளவில் சோதித்தது, டென்னஸியின் ஸ்பிரிங் ஹில் ஆலையில் 1990 முதல் வண்டி செய்த ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் நிறுவனம். பேரமில்லாத ஒரே விலை என்ற அதன் கொள்கையை வாடிக்கையாளர்கள் பெரிதும் விரும்பினார்கள். தாய்க் கம்பெனி 2009-இல் திவாலான பின், 2010-இல் சாட்டர்ன் மறைந்தது. அதன் ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க மற்றோர் அம்சமும் இருந்தது: ஒவ்வொரு விற்பனையாளருக்கும் விஸ்தாரமான பிரதேசம் ஒதுக்கப்பட்டபடியால், அதே வண்டியைக் குறைத்து விற்கும் போட்டிக்காரர் பக்கத்தில் இருக்கவில்லை. ஒரே விலை சமத்துவத்தைத் தருகிறது. அந்த விலை நியாயமானதுதான் என்பதற்கு அது மட்டும் ஜாமீன் ஆகாது.

ஆதலால், பேரம் பேசாமையை மட்டுமே புண்ணியமாகக் கொள்வதற்கில்லை. ஆளுக்கொரு விலை சொல்லும் இடத்தில் கேட்டதைக் கொடுப்பது, அந்த அநீதிக்குக் கூலி கொடுப்பதாகும். அங்கே வாதாடுவது பாவமன்று, வாதத்தில் பொய் புகுவதே பாவம். வாங்கும் எண்ணத்தோடு நாலு இடத்தில் விலை விசாரித்து, எல்லாருக்கும் ஒரே தொகையைச் சொல்லும் கடையைத் தேடிப் பிடித்து, அத்தொகை நியாயம் என்று மனத்துக்குப் பட்டால், மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுங்கள். நாணயமாக ஒரே விலை சொல்லும் வியாபாரி நிலைத்து நிற்பது, வாங்குகிறவர்கள் அவரைத் தேடிப் போவதைப் பொறுத்தே இருக்கிறது.