தாய்மைத் தவமும் இல்லத்தார் பணியும்

 

அருகன் திருவடிகளை மனத்திலிருத்தி, இல்லறத்தார் அனைவருக்கும் உரிய ஒரு செய்தியைத் தங்கள்முன் வைக்க விழைகின்றேன். அகிம்சையே தலையாய அறம் என்பதை நாம் இளமை முதலே ஓதி வருகின்றோம். நீரை வடிகட்டிப் பருகுகின்றோம். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கின்றோம். தரையில் ஊரும் சிற்றுயிருக்கும் இடர் நேராதவாறு பார்த்து நடக்கின்றோம். இத்தகைய கவனம் உடைய நம் இல்லங்களில், ஓருடலில் ஈருயிர் தாங்கி நிற்கும் பெண்ணிடம் அதே கவனம் காட்டப்படுகின்றதா? இவ்வினாவை ஒவ்வொருவரும் தமக்குள் எழுப்பிப் பார்த்தல் வேண்டும்.

தீர்த்தங்கரப் பெருமான்களின் ஐந்து கல்யாணங்களுள் முதலாவது கர்ப்பாவதரண கல்யாணம். பெருமான் துறவு பூண்ட நாளையும், கேவல ஞானம் எய்திய நாளையும் போற்றுவது போன்றே, அன்னையின் வயிற்றில் வந்து தங்கிய நாளையும் நாம் போற்றுகின்றோம். மருதேவித் தாயார் 16 கனவுகளைக் கண்டார். விடிந்ததும் அவற்றை நாபி மன்னரிடம் கூறினார். மன்னர் ஒவ்வொரு கனவையும் பொறுமையுடன் கேட்டு, அதன் பயனை எடுத்துரைத்தார். அதன்பின் ஸ்ரீ, ஹ்ரீ, திருதி, கீர்த்தி, புத்தி, லட்சுமி என்னும் தேவியர் அன்னைக்கு அருகிருந்து பணிவிடை புரிந்தனர்.

இந்நிகழ்ச்சியை நாம் ஆலயத்தில் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆயினும் அதனுள் அடங்கிய இரு பாடங்களை எண்ணிப் பார்த்ததுண்டா? மனைவி கூறுவதைக் கேட்பதே கணவனின் முதற்பணி என்பது ஒன்று. உலகுக்கே ஒளியாகப் போகும் உயிரைச் சுமந்த அன்னையும் தனித்து விடப்படவில்லை என்பது மற்றொன்று. "பேறு பெற்றவள்தானே, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்" என்று தேவருலகில் எவரும் கூறவில்லை. நம் வீடுகளில் அவ்வாறு கூறலாமா?

அக தவங்கள் ஆறனுள் வையாவிருத்தியம் என்னும் தொண்டும் ஒன்று. அது முதன்மையாக முனிவர்களுக்குச் செய்யும் தொண்டினையே குறிக்கும். எனினும் வீட்டில் தளர்ந்திருப்பவளுக்கு ஒரு குவளை நீர் எடுத்துத் தர மனம் வராதவன், ஆலயத்தில் முனிவருக்குத் தொண்டு செய்யும் பக்குவத்தை எங்கே கற்பான்? கருவைச் சுமத்தல் பெண்ணின் தவம். அவளைத் தாங்குதல் இல்லத்தாரின் தவம். நான் கூற விரும்புவது இவ்வளவே. இனி, அதனை நடைமுறையில் எவ்வாறு கைக்கொள்வது என்று பார்ப்போம்.

ஜினசேனாசாரியர் 9-ஆம் நூற்றாண்டில் அருளிய ஆதிபுராணம், கரு உருவாவது முதல் வீடுபேறு ஈறாக 53 கிரியைகளைக் கூறுகின்றது. அவற்றுள் மூன்றாம் மாதத்திற்குரியது பிரீதி. ஐந்தாம் மாதத்திற்குரியது சுப்ரீதி. ஏழாம் மாதத்திற்குரியது திருதி. ஒன்பதாம் மாதத்திற்குரியது மோதம். இப்பெயர்களின் பொருள் அன்பு, பேரன்பு, மனவுறுதி, மகிழ்ச்சி என்பனவாம். கருவுற்ற காலத்திற்கென வகுத்த கிரியைகளுக்குப் பட்டினியின் பெயரையோ உடலை வருத்தும் நோன்பின் பெயரையோ ஆசாரியர் சூட்டவில்லை என்பதைச் சகோதரிகள் குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

முதலாவது, மூன்றாம் மாதத்துப் பிரீதி. வாந்தியும் மயக்கமும் பெண்ணை வாட்டும் காலம் இது. தாளிக்கும் மணம் எழுந்தாலே குமட்டும். அக்காலத்தில் அடுப்படிப் பொறுப்பைப் பிறர் ஏற்றுக்கொள்வதே அன்பு. ஒரே வேளையில் நிறைய உண்ணச் சொல்லாமல், சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தல் நலம். குடித்த நீரும் தங்காமல் வெளியேறி, சிறுநீரும் குறையுமாயின், "எல்லோருக்கும் வருவதுதான்" என்று இருந்துவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான ஐயம் எழும். அஷ்டமி, சதுர்த்தசி உபவாசத்தையும் இரவுண்ணாமையையும் கருவுற்றவள் என் செய்வது? தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிக் கூறுமிடத்து, தியாகமும் தவமும் அவரவர் ஆற்றலுக்கேற்ப அமைதல் வேண்டும் என்கின்றது. இரவுண்ணாமையும் சிராவகனின் பதினொரு பிரதிமைகளுள் ஆறாம் படியாக வைக்கப்பட்டுள்ளது. படிகள் இருப்பதே, ஏறுபவரின் வலிமையை ஆசாரியர்கள் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. மேலும், கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை என்பது அந்நூல் தரும் இலக்கணம். வயிற்றில் வளர்வதும் ஐம்பொறி உயிரன்றோ? மருத்துவர் வேண்டாவென்று தடுத்த பின்னும் கருவுற்றவளைப் பட்டினி கிடக்கச் செய்தால், காப்பாற்றப்படுவது நோன்பின் பெயர் மட்டுமே, வருந்துவது உயிர்.

இதனால் நோன்பைக் கைவிடுமாறு கூறுகின்றேன் என்று எவரும் கொள்ளவேண்டா. வீட்டார் அனைவரும் மாலை ஐந்தரை மணிக்கே சத்துள்ள உணவைச் சமைத்து அவளுடன் அமர்ந்து உண்டால், இரவுண்ணாமை பலருக்கும் எளிதாகும். அதற்குப் பின்னும் பசித்துத் துவளும் பெண்ணுக்குப் பால் காய்ச்சித் தருவதில் பிழையில்லை. அவள் பொருட்டு உபவாசத்தை ஏற்க விரும்பும் மாமியாரும் கணவனும் தாராளமாகத் தாம் ஏற்கலாம். அவளோ பஞ்ச நமஸ்காரத்தை ஓதியும், நல்ல நூல் கேட்டும் அந்நாளைப் போற்றலாம்.

இரண்டாவது, ஐந்தாம் மாதத்துச் சுப்ரீதி. பேரன்பு என்பது இரத்தத்தைக் காத்தலாகும். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகையாகும். நான்காம் மாதம் தொடங்கி 180 நாட்களும், மகப்பேற்றுக்குப் பின் 180 நாட்களும் நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளுமாறு அரசு வழங்குகின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடுவோர் பலர், அஞ்ச வேண்டுவதில்லை. காப்பி, தேநீர், பால் இவற்றுடனும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையுடனும் சேர்த்து அதனை விழுங்கலாகாது. இடையே இரண்டு மணி நேரம் விடுதல் நலம்.

கேப்சூல்களின் மேலுறை விலங்குப் பொருளால் ஆனதாயிற்றே என்று தயங்கும் சகோதரிகள் உளர். அத்தயக்கம் நம் அறத்திற்கு ஏற்றதே. ஆயினும் அதற்காக மருந்தையே விட்டுவிடுதல் அறிவன்று. உறையில்லாத மாத்திரையாகவோ திரவ மருந்தாகவோ எழுதித் தருமாறு மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுப் பெறலாம். பூச்சி பார்த்து ஆய்ந்த முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், எள், வெல்லம் ஆகியன கிழங்கு உண்ணாத நம் சமையலுக்குப் புதியன அல்ல. உடன் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். நம் உணவில் பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைய வாய்ப்புண்டு. பாலும் தயிரும் தவறாமல் கொள்வதுடன், அதற்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்டல் நன்று.

மூன்றாவது, ஏழாம் மாதத்துத் திருதி. வளையல் அடுக்கி, பலவகைச் சோறு சமைத்து, உறவினரை அழைத்து மகிழ்கின்றோம், நன்று. அதே வேளையில் அவள் உள்ளத்தில் இருக்கும் அச்சத்தை எவரேனும் கேட்கின்றோமா? மனவுறுதி என்பது வலியை மறைத்துக்கொள்ளுதல் அன்று. இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது நேரினும் நல்ல நேரம் பாராமல் உடனே புறப்படல் வேண்டும். 108 என்னும் எண்ணை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருத்தல் நலம்.

நான்காவது, ஒன்பதாம் மாதத்து மோதம். மகப்பேறு நெருங்கும் வேளையில் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? துணையிலிருந்து வரும். நம் சமணப் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியை நினைவுகூருங்கள். கட்டியங்காரனின் சூழ்ச்சியால் கணவனை இழக்கும் நிலையில், மயிற்பொறியேறித் தப்பிய விசயை, சுடுகாட்டில் தனியளாய்ச் சீவகனை ஈன்றாள். அவளுக்கு உதவ வந்த தெய்வம் ஒளிவீசும் தன் சொந்த உருவில் வரவில்லை. அவளுக்குப் பழகிய சண்பகமாலை என்னும் பணிப்பெண்ணின் வடிவில் வந்தது. ஏன்? வலியில் துடிப்பவளுக்கு வேண்டுவது அறிந்த முகம். அச்சம் போக்கும் பழகிய குரல். இன்று உலக சுகாதார நிறுவனமும் பேறுகாலத்தில் பெண் தான் விரும்பும் ஒருவரைத் துணையாகக் கொள்ளுதல் நன்று எனப் பரிந்துரைக்கின்றது. யார் உடனிருக்க வேண்டும் என்பதை அவளிடமே கேளுங்கள்.

அடுத்து வருவது பிரியோத்பவம், அதாவது அன்புக்குரியது தோன்றுதல். பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்டு, பெண் என்றதும் முகம் வாடுவோர் நம்மிடையே இருத்தல் ஆகாது. ஆதிநாதர் தம் மகளிராகிய பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் தாமே கற்பித்தார். அப்பெருமானை வணங்கும் நமக்குப் பெண் மகவு குறையாகுமா?

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்குதல் நலம். மஞ்சள் நிறமாய் முதலில் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பழக்கம் சில குடும்பங்களில் இருந்தது. நோயெதிர்ப்பு ஆற்றல் மிக்க அதனைக் கொட்டலாகாது. சேனை வைத்தல் என்று சர்க்கரை நீரும் தேனும் நாவில் தடவுதலும் வேண்டா. தேனை நம் அறம் என்றோ விலக்கிவிட்டது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் நஞ்சாகக்கூடும் என மருத்துவமும் இன்று விலக்குகின்றது. ஆறு மாதம் தாய்ப்பாலே போதும். மருத்துவர் தரும் மருந்து தவிர வேறெதுவும், நீரும்கூட, தேவையில்லை. ஏழாம், எட்டாம் மாதத்தை ஒட்டி அன்னப்பிராசனத்தை ஆதிபுராணம் வைத்திருப்பதும், ஆறு மாதம் நிறைந்ததும் மசித்த உணவைத் தொடங்குக என மருத்துவர் கூறுவதும் ஒத்திருத்தல் காண்க.

இனி, அதிகம் பேசப்படாத ஒன்றைக் கூறுகின்றேன். பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் அருந்தும். அவ்வாறாயின் தாய் உறங்குவது எப்போது? தீட்டு நாட்களில் தனியறையில் இருக்கும் அவளுக்கு உணவுத் தட்டு மட்டும் கதவருகே வந்து சேர்ந்தால் போதுமா? மகப்பேற்றையடுத்த சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் வருதல் இயல்பு, தானே நீங்கும். இரண்டு வாரம் கடந்தும் துயரம் நீங்காமல், உணவும் உறக்கமும் வெறுத்து, குழந்தையிடமும் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோய். உலக அளவில் மகப்பேறு முடிந்த பெண்களுள் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இத்தகைய மனநலக் குறைக்கு ஆளாகின்றனர். "பிள்ளையைப் பெற்றுவிட்டு அழுகிறாளே" என்று பழித்தலும், முன்வினை என்று கூறி ஒதுங்குதலும் கொடுமை. வினைக் கொள்கை, பிறர் துயரை வேடிக்கை பார்ப்பதற்காக வகுத்ததன்று. அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவள் வாய்விட்டுக் கூறினால் ஒரு கணமும் தனியே விடாதீர்கள்.

திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களில் கூட்டுக் குடும்பமாய் வாழ்ந்த காலத்தில் அத்தை, பெரியம்மா, பாட்டி எனப் பல கைகள் குழந்தையை ஏந்தின. இன்று நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருவர் மட்டுமே வாழும் வீடுகளில் இருக்கின்றனர். அங்கே தேவியர் அறுவரின் பணியையும் ஒரு கணவனே செய்ய வேண்டியுள்ளது. துணி மாற்றுதல், குழந்தையைத் தோளிலிட்டு ஏப்பம் விடச் செய்தல், இரவில் ஒரு பொழுதேனும் விழித்திருந்து மனைவியை உறங்கவிடுதல் ஆகியவை ஆண்மைக்கு இழுக்கல்ல. சீவகனைப் பெறாத சுநந்தையும் கந்துக்கடனும் அவனைத் தம் மகனாகவே வளர்த்தனர். பெற்ற தந்தை வளர்ப்பதற்குத் தயங்கலாமா?

முடிவாக, மாமியார் நிலையிலும் தாய் நிலையிலும் உள்ள என் வயதொத்த சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். "நாங்கள் பத்துப் பெற்றோம், இப்படியா படுத்திருந்தோம்?" என்னும் சொல்லை இனி நம் நாவினின்றும் அகற்றுவோம். வரும் தசலட்சணப் பருவத்தில் உத்தம க்ஷமையைப் போற்றும் நாளன்று இதனையே ஒரு விரதமாக ஏற்போம். உற்றார் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கருவுற்றவளோ பச்சையுடம்புக்காரியோ இருப்பின், நாள்தோறும் ஒரு நாழிகை அவளுக்குப் பணி செய்வோம். கேட்கும் செவியும், தாங்கும் கையும், வருத்தாத சொல்லும் இருந்தால் அவ்வீட்டில் கர்ப்ப கல்யாணம் நிகழ்கின்றது என்றே கொள்ளலாம்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! அறம் வளர்க! அகிம்சை வெல்க!