நிரூபிக்க வேண்டியது யார்?

போருக்கு அனுப்பும்போது எந்த அரசும் தன் படைவீரரிடம் ஆதாரம் கேட்பதில்லை. உடல்தகுதி இருந்தால் போதும், சீருடை கொடுத்து அனுப்பிவிடுகிறது. திரும்பி வந்தவர் பல ஆண்டுகள் கழித்து நோயில் விழும்போதுதான், இது போரால் வந்த நோய் என்று நிரூபிக்கச் சொல்கிறது. அந்தச் சுமையை நோயாளியின் தலையில் ஏற்றுவது அறமா?

வியட்நாமில் பணியாற்றிய சாதாரண அமெரிக்க வீரர்கள் பலரின் பிற்காலம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியே கழிந்தது. எதிரி மறையும் காடுகளின் இலைகளை உதிர்க்க, 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படை 7 கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லி தெளித்தது. அதில் பெரும்பகுதி, பீப்பாய்மேல் தீட்டிய பட்டையின் நிறத்தால் ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ எனப்பட்டது. அதில் டயாக்ஸின் என்ற நச்சு கலந்திருந்தது. கட்டாயப் படைச்சேர்ப்பில் பிடிபட்டுப் போன இளைஞருக்கு அது தெரியாது. எந்த நாள், எந்தக் காட்டில், எவ்வளவு நச்சு மேலே பட்டது என்பதை அவர் பிறகு எப்படிக் காட்டுவார்? தெளித்த கணக்கு இருந்ததெல்லாம் அரசின் கோப்புகளில்.

எதிர்வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. வரிப்பணம் பொதுச்சொத்து. புற்றுநோயும் நீரிழிவும் போர்க்களத்தையே பார்க்காதவருக்கும் வருகின்றன. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தால் கருவூலம் தாங்காது.

ஆனால் பிழை எப்படியும் நேரும். தகுதியற்ற ஒருவருக்குப் போகும் பணத்தை ஒரு நாடே பகிர்ந்து தாங்கிக்கொள்ளும். தகுதியுள்ளவரைத் திருப்பி அனுப்பினால் வைத்தியச் செலவும் சாவும் ஒரே குடும்பத்தின்மேல் விழும். அந்த ஆபத்தை உண்டாக்கியதும் அரசு. ஆவணத்தை வைத்திருப்பதும் அரசு. ஆகவே ஐயத்தின் பலன் வீரருக்கே சேர வேண்டும்.

போர் முடிந்து 16 ஆண்டுகள் கழித்து, 1991இல் அமெரிக்கா இதைச் சட்டமாக்கியது. வியட்நாமில் பணியாற்றியவருக்குக் குறிப்பிட்ட நோய்கள் வந்தால், அவை பணியால் வந்தவையே எனக் கொள்ளப்படும். அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். கரையில் கால்பதிக்கவில்லை என்று விலக்கப்பட்டிருந்த கடலோரக் கப்பல் மாலுமிகளுக்கு 2019இல்தான் அந்த உரிமை சட்டமானது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் ஓரப் பள்ளங்களில் பிளாஸ்டிக்கும் மருத்துவக் கழிவும் எரிந்த புகையைச் சுவாசித்தவர்களுக்கு 2022இல் தனிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் இதே போராட்டத்தை முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கிறது.

இந்த நியாயம் குடியுரிமையோடு முடிந்துவிடவும் கூடாது. நச்சு விழுந்த மண்ணிலேயே வாழ்ந்த வியட்நாமியர் ரசாயன நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கை 2005இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சொந்த வீரருக்காக ஒப்புக்கொண்ட நெறியை அவர்களுக்கு மறுப்பது அறமாகாது.

வீரர் எங்கே பணியாற்றினார், எதை எதிர்கொண்டார் என்ற பதிவை அரசு அன்றன்றே எழுதிவைத்து, பணி முடியும் நாளில் அவர் கையில் கொடுக்க வேண்டும். பின்னாளில் நோய் வந்தால், அது பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசையே சாரும். அதற்கு ஆகும் செலவும் போர்ச் செலவில் சேர்ந்ததே.