தன்னைக் காணாத கண்

பேராக் மாநிலத்தின் கோப்பெங்கில், கம்பார் ஆறு பாறைகளுக்கிடையே நுரைத்து ஓடுகிறது. முன்சாய்ந்தே துடுப்பு போட்டதாக அதில் கயாக் ஓட்டியவர் உறுதியாகச் சொல்வார். கரையில் எடுத்த காணொளியோ, அலை வந்ததும் அவர் முதுகு பின்னால் சரிவதைக் காட்டிவிடும்.

எது மெய்?

கண் எல்லாவற்றையும் காணும், தன்னைக் காணாது. உயிரும் அறிவிப்பார் இருந்தால்தான் அறியும் என்கிறது 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் முறைப்படுத்திய சைவ சித்தாந்தம். சார்ந்ததன் தன்மையைப் பெறுவதும் உயிரின் இயல்பாம். படகும் அப்படித்தான், ஓட்டுபவரின் உடலைச் சார்ந்தே அசையும்: தொடையைப் பற்றும் தொடைப்பிடியில் இடைவெளி இருந்தால் இடுப்பின் அசைவு படகைச் சேராது.

தன்னைக் காணாத அவருக்குக் கரையிலுள்ள கேமராவே அறிவிப்பாராகிறது. ஆனால் அது சரிவைத்தான் பிடிக்கும், சரிய வைத்த அச்சத்தை அல்ல. நல்ல பயிற்சியாளர் காணொளியை அந்தச் சரிவிலேயே நிறுத்தி, “இந்த இடத்தில் மனசுல என்ன ஓடுச்சு?” என்று முதலில் கேட்கிறார்.