சேஷத்துவமும் படியாள் வாழ்வும்

திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் என்னும் ஊருக்குக் கிழக்கே வைணவ ஆசாரியர் திருக்கச்சிநம்பி பிறந்த பூந்தமல்லியும், தென்மேற்கே இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரும் உள்ளன. உயிர் இறைவனுக்கே உரிய உடைமை, அவனுக்குத் தொண்டு செய்வதே அதன் இயல்பு என்னும் சேஷத்துவக் கொள்கையை வளர்த்த, இவ்வூர்கள் அடங்கிய தொண்டைமண்டலத்தில், மனிதர் மனிதருக்கு உடைமையாக இருந்த நிலையும் பல தலைமுறைகள் நீடித்தது. இவ்விரண்டும் எவ்வாறு அருகருகே நிலைத்தன என்பது வைணவச் சிந்தனையைப் பயில்வோர் தவிர்க்கக் கூடாத கேள்வியாகும்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பரம்பரை நில உரிமை உடைய மிராசுதாரர் ஒருவரின் வயலில் தானியக் கூலிக்குக் கட்டுண்டு உழைத்தவர் படியாள் எனப்பட்டார். திருமணச் செலவுக்கு வாங்கிய சிறு கடனே பெரும்பாலும் அக்கட்டின் தொடக்கம். அளந்து தரப்பட்ட தானியம் வயிற்றுக்கே போதாமையால் கடன் தீராமல், தந்தைக்குப் பின் மகன் தலையில் விழுந்தது. ஆண்கள் ஏர் ஓட்டவும் ஏற்றம் இறைக்கவும், பெண்கள் நாற்று நடவும் களை பறிக்கவும், பிள்ளைகள் மாடு மேய்க்கவும் வேண்டியிருந்தது. சேரியில் குடிசை நின்ற மனைக்கும் மிராசுதாரரே உரிமை கோரியதால், எதிர்த்துப் பேசியவர் வேலையோடு குடியிருப்பையும் இழக்க நேர்ந்தது. அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் விதித்த பின்பும், கடனும் மனையும் அந்தப் பிடியைத் தளரவிடவில்லை. 1891இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கான பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்த அரசாணையும் அந்நிலைமையின் சான்றுகள்.

பிறருக்கு அடங்கி வாழ்வது துன்பம், ஏவல் செய்வது இழிவு என்னும் மனுவின் கூற்றைச் சேஷத்துவத்துக்கு எதிராக மாற்றுத் தரப்பினர் காட்டும்போது, அவ்விழிவு தகுதியற்றவருக்குச் செய்யும் தொண்டுக்கே பொருந்தும், பரம்பொருளுக்குச் செய்யும் தொண்டோ பேரின்பம் என்று வேதார்த்த சங்கிரகம் என்னும் நூலின் இறுதிப் பகுதியில் இராமாநுசர் விடையளிக்கிறார். இவ்விடையை அதன் முடிவுவரை கொண்டுசென்றால், எல்லா உயிரும் ஒருவனுக்கே உரியதாதலால், படியாளைத் தன் உடைமையாகக் கொண்ட மிராசுதாரர் இறைவனின் பொருளைக் கவர்ந்தவராகிறார். தன் உயிரைத் தனதென்று எண்ணுவதையே ஆத்மாபகாரம், அதாவது ஆன்மத் திருட்டு, என்று கண்டித்த மரபு, பிறர் உயிரைத் தனதாக்கிக்கொள்வதை அதே கடுமையோடு கண்டிக்கவில்லை என்பது பெருங்குறையே. அடியாரிடம் பிறப்பு பார்ப்பது குற்றம் என்று வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் உறுதியாக வாதிட்டார். ஆயினும் அந்தச் சமத்துவம் களத்துமேட்டை எட்டவில்லை. 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை, படியாளின் வழிவந்தோருக்குக் கோயில் வாசலும் சட்டப்படி உறுதியாகவில்லை.

தொடக்கத்தில் சொன்ன குத்தம்பாக்கத்தில், 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமியின் முயற்சியால், தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் எழுந்தன. சேரி என்னும் தனி நிலத்தை மறுத்த இச்செயல் பல விரிவுரைகளைவிடச் சேஷத்துவத்துக்கு நெருக்கமானது. ஆனால் கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த பின்பும், திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுள்ளன. அந்த முன்பணத்தை ஆத்மாபகாரம் என்று ஸ்ரீவைணவ மடங்களும் கோயில்களும் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும்.