பிள்ளையின் உரிமையில் பெற்றோர் பொறுமை காக்கலாமா?

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில், மாத்தளைக்குச் சற்று முன்னால் வரும் ஊர் உக்குவளை. கடைத்தெருவைச் சுற்றி முஸ்லிம்கள், எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் மலையகத் தமிழர், வயலோரக் கிராமங்களில் சிங்களவர் என்று மூன்று சமூகங்கள் வாழும் பிரதேசம். சமயம் வேறு, மொழி வேறு. ஆனால் பேச்சு வரத் தாமதிக்கும் பிள்ளையோ, காது மந்தமான பிள்ளையோ, எழுத்துக் கூட்டி வாசிக்க வருடக்கணக்கில் திணறும் பிள்ளையோ ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒரு வீட்டில் அது அல்லாஹ்வின் நாட்டம், இன்னொன்றில் தலையெழுத்து, மற்றொன்றில் முற்பிறவிக் கருமம். இந்த ஆறுதலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் தாய்க்கு அது வேண்டும். ஆனால் அதே நம்பிக்கை மறுநாள் பெற்றோரோடு பாடசாலை அதிபரின் அறைக்குள்ளும் போய்விடுகிறது. "இந்தப் பிள்ளைக்கு இங்கே எதுவும் செய்ய முடியாது" என்று அங்கே சொல்லப்பட்டால், அதையும் இறைவனின் தீர்ப்பைப் போலத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பிள்ளையின் நிலையை இறைவன் தந்ததாக ஏற்றுக்கொள்பவர் பாடசாலையின் மறுப்பையும் அப்படியே ஏற்கக் கடமைப்பட்டவரா? பார்வைக்கு நிர்வாகம் சார்ந்ததாகத் தெரியும் இந்தக் கேள்வி உண்மையில் சமயக் கேள்வி. சமயத்துக்குள் இருந்தே இதற்குப் பதில் தேட வேண்டும்.

வெவ்வேறான இரண்டு விஷயங்கள் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிள்ளையின் செவித்திறன் குறைந்திருப்பது ஒன்று. அந்தப் பிள்ளை கடைசி வாங்கில் உட்கார்ந்து, ஆசிரியரின் உதட்டசைவுகூடத் தெரியாமல் ஒரு வருடத்தைக் கழிப்பது இன்னொன்று. முதலாவதை மனிதர் யாரும் தீர்மானிக்கவில்லை. இரண்டாவதை ஒரு மனிதர் ஒரு காலையில் தீர்மானித்தார். அடுத்த நாள் காலையில் அவரே அதை மாற்றவும் முடியும். கலீஃபா உமர் சிரியாவை நோக்கிப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, வந்த வழியே திரும்ப முடிவெடுத்தார். இறைவனின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று நபித்தோழர் அபூ உபைதா கேட்டார். ஒரு விதியை விட்டு விலகுவதும் இறைவனின் இன்னொரு விதிக்குள் போவதுதான் என்பது உமர் அளித்த பதிலின் சாரம். புகாரி, முஸ்லிம் இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ள இந்த நிகழ்ச்சி, கத்ர் என்னும் இறைவிதியை நம்புவதும் கைகட்டி நிற்பதும் ஒன்றல்ல என்பதை ஐயமறக் காட்டுகிறது. ஊழின் வலிமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய வள்ளுவரும், ஆள்வினையுடைமையைப் பேசும் 62ஆம் அதிகாரத்தை முடிக்கும்போது, சளைக்காத முயற்சிக்கு முன்னால் ஊழும் பின்வாங்கும் என்ற இடத்துக்கே வந்து சேர்கிறார். பௌத்தத்தில், மோலிய சீவகர் என்ற துறவி எழுப்பிய கேள்விக்குப் புத்தர் சொன்ன பதில் சங்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. மனிதர் அனுபவிப்பதெல்லாம் முன்செய்த கருமத்தின் விளைவு என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. பித்தம், சளி, வாயு, பருவமாற்றம் என்று கண்கூடான காரணங்களைச் சுட்டுகிறார். ஆகவே பிள்ளையின் குறைக்குக் கருமத்தைக் காரணம் காட்டிக் கதவை மூடும் ஓர் அதிகாரி, தன் சமயத்தின் பெயரிலும் அதைச் செய்ய முடியாது.

ஆனாலும் பொறுமை ஒரு பெரிய குணமல்லவா என்று கேட்கலாம். பெரிய குணம்தான். ஆனால் யாருக்குச் சேர வேண்டியதில் யார் பொறுமை காக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எனக்கு வரவேண்டியதை நான் விட்டுக்கொடுத்தால் அது தாராளம். இன்னொருவருக்குச் சேர வேண்டியதை நான் விட்டுக்கொடுத்தால் அதற்குத் தாராளம் என்று பெயரில்லை. முஸ்லிம் வீடுகளில் பிள்ளையை அமானிதம் என்பார்கள். அமானிதத்தைக் காப்பவர் அதன் சொந்தக்காரர் அல்லர். கணக்குச் சொல்ல வேண்டியவர். அநாதையின் சொத்தைப் பராமரிப்பவர் அதிலிருந்து தர்மம் செய்யக்கூட இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இடம் தருவதில்லை. தர்மம் புண்ணியம்தான், ஆனால் அந்தப் பொருள் அவருடையதல்ல. நாட்டின் பொதுச் சட்டத்திலும் இதே நியாயம் இருக்கிறது. பராயமடையாத பிள்ளையின் பெயரில் பத்துப் பேர்ச் காணி இருந்தால், பெற்ற தகப்பனேயானாலும் நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் அதை விற்க முடியாது. காணிக்கே இவ்வளவு காவல் என்றால், வாசிக்கவும் எண்ணவும் தன் தேவையைத் தானே சொல்லவும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை, அதிபரின் மேசைக்கு முன்னால் ஒரு தலையசைப்பில் விட்டுவர எந்தத் தகப்பனுக்கு அதிகாரம் இருக்கிறது? கூச்சத்தை விழுங்குவதும், மூன்றாம் முறையும் திரும்பிப் போவதும், முகம் சுளிக்கப்படுவதைத் தாங்குவதுமே இந்த இடத்தில் பொறுமை.

கேட்பதே நன்றிகெட்ட செயல் என்று நினைப்பவர்கள் வேதத்தின் மனிதர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பார்க்கட்டும். மூஸா நபிக்குப் பேச்சில் தடை இருந்தது. பிர்அவ்னிடம் போகும்படி கட்டளை வந்தபோது அவர் அந்தத் தடையை மறைக்கவில்லை. அதைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்றார், உதவிக்குச் சகோதரர் ஹாரூன் வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்டார். கேட்டது கொடுக்கப்பட்டது என்கிறது குர்ஆனின் 20ஆம் அத்தியாயம். பணி இன்னது, அதற்கு என் தடை இன்னது, எனக்குத் தேவையான துணை இன்னது. இன்று ஒரு தாய் பாடசாலையில் கேட்க வேண்டியதும் இதே வரிசையில்தான். 80ஆம் அத்தியாயம் இன்னும் கூர்மையானது. குறைஷித் தலைவர்களோடு நபிகளார் முக்கியமான பேச்சில் இருந்தபோது, பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் இடையில் வந்து தனக்குக் கற்றுத்தருமாறு கேட்டார். பேச்சு தடைப்பட்டதால் நபிகளாரின் முகம் மாறியது. இறங்கிய வசனங்கள் இடைமறித்தவரின் பக்கம் நின்றன. அந்த மனிதர் பிறகு மதீனாவில் பாங்கு சொல்பவர்களில் ஒருவரானார்; நபிகளார் ஊரில் இல்லாத வேளைகளில் நகரின் பொறுப்பே அவரிடம் விடப்பட்டதுண்டு. கற்க வந்த பார்வையற்ற ஒருவருக்காக நபியின் முகச்சுளிப்பையே வேதம் கண்டித்திருக்கும்போது, கூட்டத்தில் இருக்கும் அதிபரை ஒரு தகப்பன் காத்திருந்து சந்திப்பது மரியாதைக் குறைவாகுமா?

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று கேட்கிறார்கள். இருவருமில்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். இவ்வளவும் பலருக்கும் தெரியும். அந்த அதிகாரத்தில் சற்றுப் பின்னால் வருவதை நாம் அதிகம் பேசுவதில்லை. பார்வை பெற்ற மகனைப் பற்றி விசாரிக்கப் பெற்றோர் அழைக்கப்படுகிறார்கள். ஜெபக்கூடத்திலிருந்து தள்ளிவைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், அவன் வயதுவந்தவன், அவனிடமே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த மகன் தனக்காகத் தானே துணிந்து பேசக்கூடியவனாக இருந்தான். முதலாம் தரத்தில் சேரப்போகும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. பெற்றோர் ஒதுங்கினால் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் குரலே இல்லாமல் போகும்.

இந்த ஒதுங்கலுக்குச் சமயம் மட்டுமே காரணமில்லை. தோட்டத்து மக்களின் குடியுரிமை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் பறிபோனது. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 வரை ஆனது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே கிடந்தன; 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. துரையிடமும் கங்காணியிடமும் கேட்டுக் கேட்டு ஓய்ந்த தலைமுறைகளின் வாரிசுகள் ஓர் அலுவலகத்தில் வாய் திறக்கத் தயங்குவதைப் பக்தி என்று பெயரிட்டுப் புகழக்கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் கல்வி இந்நாட்டில் அறப்பணியாகவே தொடங்கியது. இன்று இரத்மலானையில் இருக்கும் பாடசாலையை 1912இல் தொடங்கியவர் மேரி செப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் கைதடி நஃபீல்ட் பாடசாலை பின்னர் வந்தது. அந்த அறத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அதன் நிழலில், விசேட கல்வி என்பது கொடுப்பவரின் கருணை, வாங்குபவர் பணிந்து நிற்க வேண்டும் என்ற எண்ணமும் வளர்ந்துவிட்டது. இன்றைய சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1997இல் வந்த கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானவை. 2016இல் அந்த எல்லை 16 ஆனது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடைசெய்கிறது. அங்கவீனமுடையோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை முழுவதும் கல்வி பற்றியது.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்காக நேரம் ஒதுக்கினால் மற்றவர்களுக்கு அநியாயமில்லையா என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. அவர்களின் சுமை பெரியது; தமிழ்மொழிமூலம் விசேட கல்விப் பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாத பாடசாலையில் அது இன்னும் பெரியது. ஆயினும் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதை நீதி என்று எடுத்துக்கொண்டால், பார்வை மங்கிய பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் ஒரே கரும்பலகையை ஒரே தூரத்தில் வைப்பதும் நீதியாகிவிடும். பரீட்சைத் திணைக்களம்கூட அப்படி நினைப்பதில்லை. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளை அது வழங்குகிறது. அதற்கு விண்ணப்பிப்பது பாடசாலையூடாக. முன்வரிசை இடம், பெரிய எழுத்தில் வினாத்தாள், ஒரு கட்டளையை இரண்டாகப் பிரித்துச் சொல்வது என்று பெற்றோர் கேட்கக்கூடியவற்றில் பாதிக்கு மேல் பணமே தேவையில்லாதவை. பணமும் ஆளும் தேவைப்படுபவற்றைக் கேட்க வேண்டிய இடம் வலயக் கல்வி அலுவலகம். அங்கே பெற்றோரும் ஆசிரியரும் ஒரே கடிதத்தோடு போனால் ஆசிரியரின் சுமையும் பதிவில் ஏறும்.

குருவோடு வாதிடுவது நம் பண்பாடல்ல என்பார்கள். குருவை மாதா பிதாவுக்கு அடுத்து வைத்த அதே மரபு மாதாவையும் பிதாவையும் முன்னே வைத்தது. பிள்ளை வீட்டில் எதைச் செய்கிறது, எப்போது பயப்படுகிறது, எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறது என்ற அறிவு பெற்றோரிடம் மட்டுமே இருக்கிறது. அதை ஆசிரியரிடம் ஒப்படைப்பது குருவுக்குச் செய்யும் மரியாதைதான். இதைவிட ஆழமான பயம் ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஒரு பெயர் ஒட்டிவிடும், மூத்தவளின் கல்யாணப் பேச்சு பாதிக்கப்படும் என்ற பயம். இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை, ஊர்வாய் கொடியது. ஆனால் உதவி கேட்காத பிள்ளைக்கும் வகுப்பில் ஒரு பெயர் ஒட்டத்தான் செய்கிறது. சோம்பேறி, மக்கு, அடங்காதவன். வைத்தியர் எழுதிக்கொடுக்கும் பெயரால் ஓர் உதவியாவது கிடைக்கும். இந்தப் பெயர்களால் அடிதான் கிடைக்கும்.

சட்டமெல்லாம் தாளில்தானே என்ற கேள்வி கடைசியாக வரும். ஓரளவு உண்மை. எல்லோருக்கும் சமமான கல்வி வாய்ப்பு என்பதை அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கொள்கையாகச் சொல்கிறது. அந்தக் கொள்கைகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்று 29ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போக வழி வைத்திருந்தாலும், நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்தப் படி உயரமானது. இருந்தும் எந்த நாட்டிலும் இந்தச் சட்டங்கள் தாமாக வலுவடையவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்த சங்கம் 1971இல் வழக்காடியது. நான்கு ஆண்டுகளில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்து, பிள்ளையின் தனியாள் கல்வித் திட்டத்தை வகுக்கும் மேசையில் பெற்றோருக்கும் இடம் கிடைத்தது. உக்குவளையில் தொடக்கம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் வைத்தியரின் குறிப்பையும் இணைத்து, தேவைப்படுவதை இரண்டு மூன்று வரியில் சொல்லி, திகதியிட்டு அதிபருக்கு ஒரு கடிதம் எழுதிப் பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழும் ஆட்சிமொழி. எழுத்தில் பதில் கேளுங்கள். வலயத்தில் விசேட கல்விப் பிரிவுகள் எந்தெந்தப் பாடசாலைகளில் உள்ளன, தமிழ்மொழிமூல ஆசிரியர் எத்தனை பேர் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

எழுதத் தெரியாத பெற்றோருக்கு அந்தக் கடிதத்தை எழுதிக்கொடுப்பதும், அதிபரின் அறைக்கு அவர்களோடு கூடப் போவதும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் கோவில் பரிபாலன சபைக்கும் விகாரைக்கும் கிறிஸ்தவ ஆலயத்துக்கும் உரிய பணி. ஒரு ஜும்ஆப் பிரசங்கத்தில் இப்னு உம்மி மக்தூமின் வரலாற்றைச் சொல்லும் மௌலவி, தொழுகை முடிந்ததும் அப்படி ஒரு பிள்ளை மஹல்லாவில் எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரிக்கட்டும். கோவில் திருவிழாக் கணக்கை நேர்த்தியாக எழுதும் செயலாளர் ஒரு மாலையை இந்தக் கடிதங்களுக்காக ஒதுக்கட்டும். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் அவை அதிபர்களின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.