நீராட்டம் யாருக்காக?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயியையும் நாச்சியாரையும் ஸேவித்துவிட்டு, காலைப் பொழுதிலேயே ராஜபாளையம் வந்து, முடங்கியாறு சாலை வழியே அய்யனார் கோயில் அருவிக்குச் சென்றோம். ஏழு பேர். மழை ஓய்ந்து நாலைந்து நாட்களே ஆகியிருந்தன. மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் கடந்ததும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் கண்ணில் பட்டது. மலை முழுவதும் தலைகீழாக அதனுள் கிடந்தது. கரையில் நின்று வெகுநேரம் பார்த்தோம். இது ராஜபாளையம் நகரத்தார் குடிக்கும் நீர் என்று எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

மேலே போனால் சாம்பல் நிற அணில்கள் வாழும் காடு. அவற்றுக்காகவே 1988ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துள் சேர்ந்தது. (திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வார் பேசிய அணிலின் உறவினரைக் காணலாம் என்று அண்ணாந்தே நடந்தோம். ஒன்றும் முகம் காட்டவில்லை.)

அருவியில் இறங்கும்போதுதான் பிரச்சினை. உடன் வந்த இளைஞர் பையிலிருந்து சோப்பையும் ஷாம்பூவையும் எடுத்தார்.

"வேண்டாமே, தம்பி," என்றார் பெரியவர்.

"ஓடுகிற தண்ணீர்தானே மாமா? ஒன்றும் ஆகாது."

"எங்கே ஓடுகிறது? வழியில் பார்த்தோமே, அங்கே."

இளைஞர் சற்று நின்றார். பிறகு, "அப்படிப் பார்த்தால் இறங்கவே கூடாதே! நம் உடம்பு அழுக்கும் அதில்தானே போகும்?" என்று கேட்டார். ந்யாயமான கேள்வி. எங்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எங்கள் பைகளிலும் சோப்பு இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

திருப்பாவையின் நான்காம் பாசுரத்தை அன்று காலையில்தான் ஸேவித்திருந்தோம். மழைத் தெய்வத்தை அழைத்து, எதையும் ஒளித்துக்கொள்ளாமல் பொழியச் சொல்கிறாள் பிராட்டி. எதற்காக? நோன்பு நோற்பவர்களுக்கு நீராட நீர் வேண்டும். அதை மட்டும் கேட்டிருந்தாலும் குற்றமில்லை. ஆனால் உலகத்தாரின் வாழ்ச்சியை முதலில் வைத்து, தங்கள் நீராட்டத்தையும் அதில் வரும் களிப்பையும் அதன்பின் ஓர் உம்மையோடு சேர்க்கிறாள். அந்த வரிசையை நாம் எத்தனை மார்கழிகள் வாயால் சொல்லியிருப்போம்! அருவியின் கீழ் நின்றபோது எங்கள் நெஞ்சில் இருந்த வரிசை வேறு. நீராட்டம் முன்னே இருந்தது. ராஜபாளையத்துக் குடங்கள் நினைவிலேயே இல்லை.

இளைஞரின் கேள்விக்கும் அங்கேயே ஒரு வழி இருக்கிறது. களிப்பைப் பிராட்டி விலக்கவில்லை. விலக்குவதாயின் அந்தச் சொல்லே பாசுரத்தில் வந்திராது. ஆகவே நீரில் இறங்கியதும் தவறன்று, இறங்கி மகிழ்ந்ததும் தவறன்று. இறங்குகிறவன் நீருக்குத் தன்னை உடையவனாக நினைப்பதே தவறு. இருபத்தொன்பதாம் பாசுரத்தில் மற்ற ஆசைகளைப் போக்கும்படி அவள் வேண்டுமிடத்தில் நம் பூர்வாசார்யர்கள் கூறும் பொருள் மிகக் கடுமையானது: எம்பெருமானுக்குக் கைங்கர்யம் செய்யும்போதே "இது என் இன்பத்துக்கு" என்று எழும் நினைவும் போகவேண்டியது. கைங்கர்யத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு விடுமுறைநாள் குளியலை என்ன சொல்வது?

அதற்காக நாம் சந்தனக் கட்டைபோல் உணர்வற்று இருக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. சந்தனமும் பூவும் பிறர்க்கே ஆகின்றன, ஆனால் தாம் மகிழ்வதில்லை. சேதனன் மகிழ்வான், தன்னை உடையவனுடைய உகப்பைக் கண்டு மகிழ்வான். அவனுடைய உகப்பு எது என்று அருவிக்கரையில் எப்படி அறிவது? உலகமனைத்தும் அவனுக்குச் சரீரம் என்பது நம் ஸித்தாந்தம். அப்படியாயின், கீழே நகரத்தில் தாகத்தோடு குழாயைத் திறப்பவனும் அச்சரீரத்தில் அடக்கம். அவன் தொண்டை நனைவது அவனுக்குள் இருப்பவனுக்கு உகப்பாகாமல் போகுமோ? இதற்குமேல் விளக்கவேண்டுவது இல்லை என்று தோன்றுகிறது. ஆனாலும், பெரியவர் வாய்திறக்கும்வரை நாங்கள் ஏழு பேரில் ஆறு பேர் இதை அறியாதவர்களாகவே நின்றோம். ஸித்தாந்தம் தெரியாமல் அன்று.

அந்த இளைஞர் சோப்பைப் பையில் வைத்துவிட்டு அருவியில் புகுந்தார். ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. எங்களில் அதிகம் சிரித்தவரும் அவரே.

மாலையில் ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக் கடையில் அமர்ந்தோம். முதலில் தண்ணீர் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். இளைஞர் தம் டம்ளரைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் சற்றுநேரம் பார்த்தார். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.