பூக்காத வருஷத்திலும் அது குறிஞ்சி மலைதான்

ஓம் சரவணபவ!

"48 நாள் விரதம் இருந்தேன், வேல்மாறல் படிச்சேன், நினைச்சது நடக்கலையே. முருகன் என்னைக் கைவிட்டுட்டானா?" நம்ம குழுவில் அடிக்கடி வர்ற கேள்வி இது. எங்க வீட்டிலும் இந்தக் கேள்வி உண்டு.

எங்க ஊர் தாராபுரம் பக்கம். அப்பா விவசாயி. வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனவர். அம்மா உடம்பு முடியாமல் இருந்தப்ப, பொழைச்சு வரணும்னு காவடி நேர்ந்துக்கிட்டார். அம்மா பொழைக்கலை. அதுக்கப்புறம் மூணு வருஷமா அப்பா பழனிப் படியை மிதிக்கலை.

போன அக்டோபரில் அவரை மூணாறுக்குக் கூட்டிட்டுப் போனேன். கோயில் எதுவும் திட்டத்தில் இல்லை. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போனோம். தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதுக்குள்ளதான் இருக்கு. வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏறி, அங்கிருந்து மெதுவா நடந்தோம்.

"எங்க கண்ணு அந்த நீலப்பூ?" என்று கேட்டார் அப்பா.

நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். கடைசியா 2018-ல் பூத்தது, அடுத்து 2030. பூத்து விதை விட்டதும் செடி பட்டுப் போயிடும். விழுந்த விதை முளைச்சு, அடுத்த பூவுக்காக வளர்ந்துக்கிட்டே இருக்கும். அன்னிக்கு எங்க கண்ணுக்குப் பட்டதெல்லாம் வெறும் பச்சைப் புதர்.

குறிஞ்சி நிலத்தின் தெய்வம் சேயோன், நம்ம முருகன். தொல்காப்பியம் சொல்லுது. பூக்கிற ஒரு வருஷம் மட்டும்தான் அது அவன் மலையா? மீதி 11 வருஷமும் யாரோடது? வரையாடு குட்டி போடுற காலத்தில் பூங்காவையே மூடிடறாங்க. மலையில் முக்கியமான காரியம் நடக்கிறப்ப வேடிக்கை பார்க்க ஆள் இருக்கிறதில்லை.

ஊருக்கு மறையூர், உடுமலை வழியாத் திரும்பினோம். வழியில் லக்கம் அருவி. இரவிகுளம் மலையிலிருந்து இறங்குற தண்ணி. இது பாம்பாற்றில் சேர்ந்து அமராவதி அணைக்குப் போகுதுன்னு அப்பாகிட்ட சொன்னேன். கையில் கொஞ்சம் தண்ணி ஏந்திக் கொஞ்ச நேரம் நின்னார்.

"நாப்பது வருஷமா இந்தத் தண்ணியிலதான் வெள்ளாமை பண்றேன். அது பொறக்குற மலையை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனா எனக்கு அதில்தான் பதில் கிடைச்சது. பொறுமையா இருந்தா எல்லா வேண்டுதலும் ஒருநாள் பூத்திடும்னு உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அம்மா திரும்பி வரப் போறதில்லை. ஆனா அருள்னா கேட்டது கிடைக்கிறது மட்டும் இல்லை. நாம பார்க்காத மலையிலிருந்து, நாம கேட்காமலே நம்ம வயலுக்கு வந்துக்கிட்டிருக்கிற தண்ணியும் அருள்தான். அப்பா கோபிச்சுக்கிட்ட அந்த மூணு வருஷத்திலும் அவர் வயலுக்குத் தண்ணி வந்தது. கும்பிட்டாத்தான் வருவேன்னு அது சொல்லலை.

கோபிச்சுக்கிட்டு மலையில் போய் நின்னவன்தானே நம்ம பழனியாண்டவன்! ஞானப்பழம் கிடைக்காத பிள்ளையைத் தேடி அம்மையப்பனே மலைக்கு வந்தாங்க. கோபம்னா என்னன்னு அவனுக்குத் தெரியும். உங்க கோபத்தையும் தாங்குவான்.

அதனால ஒண்ணு சொல்றேன். வர்ற சஷ்டிக்கு எதையும் கேட்காமல் விளக்கேத்துங்க. கேட்காமலே வந்தது என்னென்னன்னு மட்டும் நினைச்சுப் பாருங்க. வீட்டில் யாராவது சாமிமேல் வருத்தமா இருந்தா கோயிலுக்கு வான்னு வற்புறுத்தாதீங்க. அவங்களோட ஒரு மலைக்குப் போங்க. அவங்க நடையிலேயே நடங்க. மத்ததை அவன் பார்த்துப்பான்.

அப்பா இன்னும் பழனிக்கு வரலை. நான் கூப்பிடவும் இல்லை. குறிஞ்சியைப் பூக்கச் சொல்லி யாரும் இழுக்க முடியாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!